சக்கர மூடி



நாம் இன்று பேசுவதற்கு எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சிறிய பொருள். மோட்டார் காரின் சக்கரத்தின்மேல் வெள்ளி நிறத்தில் வட்டமாகப் பொருத்தப்பட்டிருக்கும் மூடி. பட்டறைகளில் இதனை 'வீல் கப்' என்பர். சிலர் 'வீல் கவர்' என்பர். நம் ஊர்ப் பட்டறையிலும் இப்பெயர்களே, தில்லிப் பட்டறையிலும் இப்பெயர்களே. இம்மூடியை உடைக்காமலும் கீறாமலும் கழற்றுவது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

இதற்கும் ஒரு வானொலிப் பேச்சு வேண்டுமா என்று நீங்கள் நினைப்பது இயல்பு. நாமும் ஓராண்டுக்கு முன் கேட்டிருந்தால் அப்படித்தான் நினைத்திருப்போம். 2025ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஒரு நாள் விடியலுக்கு முன் அந்த எண்ணம் மாறிற்று.

அன்று வைகுண்ட ஏகாதசி. நம் மனைவியின் தாயார் ஊரிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருந்தார். பிருந்தாவனத்தில் ரங்கஜி கோயில் என்று ஒரு கோயில் இருப்பதை உங்களில் பலர் அறிவீர்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மதுராவைச் சேர்ந்த வணிகக் குடும்பத்தார் தென்னாட்டு முறையில் கோபுரத்தோடு எழுப்பிய கோயில் அது. ஸ்ரீரங்கம் போக முடியாவிட்டாலும் அங்கேயாவது வாசல் திறப்பைக் காண வேண்டும் என்று அந்த அம்மையார் விரும்பினார். ஆகவே, இரவு இரண்டு மணிக்கே காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். கார் நாம் இரண்டாம் கையாக வாங்கிய சிறு கார். ஓட்டியவரும் நாமே.

வடநாட்டு மார்கழிப் பனி எத்தகையது என்பதை இங்கு வாழும் நம்மவருக்கு விளக்க வேண்டுவதில்லை. ஜேவர் சுங்கச்சாவடியைக் கடந்து யமுனை விரைவுச் சாலையில் சிறிது தொலைவு சென்றதும், முன்னே சென்ற லாரியின் சிவப்பு விளக்குகூடக் கண்ணில் படவில்லை. மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தோம். அப்போது பின்பக்க இடது சக்கரம் காற்றிழந்தது.

சாலையின் ஓரத்துக்கு வண்டியை ஒதுக்கி, நான்கு மூலை விளக்குகளையும் மினுக்க விட்டு, வீட்டாரை இரும்புத் தடுப்புக்கு அப்பால் நிறுத்திவிட்டு, முக்கோணப் பலகையைத் தொலைவில் வைத்துவிட்டு வந்தோம். இதுவரை செய்தவை யாவும் சரியே. அதன்பின் செய்தவைதாம் தவறு. சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் நட்டுகளைத் தளர்த்த வேண்டும். நட்டுகளோ மூடிக்குள் மறைந்திருக்கின்றன. கையில் கிடைத்த பெரிய திருப்புளியை மூடியின் விளிம்பில் ஓரிடத்தில் செருகி, பலங்கொண்டமட்டும் இழுத்தோம். மூடி அசையவில்லை. மறுபடியும் அதே இடத்தில் இழுத்தோம். அது பலாரென்று வெடித்து இரண்டாகப் பிளந்தது. கூரிய விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது. ஒரு பாதி கையோடு வந்தது. மறு பாதி சக்கரத்தைக் கவ்விக்கொண்டு நின்றது. மூடுபனியில் பின்னால் வரும் வண்டிகளின் ஓசை மட்டும் கேட்கிறது. அவை எங்களைக் காண்கின்றனவா என்பது தெரியவில்லை. அந்த அச்சத்தில் கை இன்னும் பதறிற்று.

தடுப்புக்கு அப்பால் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்ற அத்தையாரின் குரல் கேட்டது. "மாப்பிள்ளை, ஒரே இடத்துல போட்டு நெம்பாதீங்க. சம்படத்து மூடி இறுகிப்போனா எப்படித் திறப்போம்? கரண்டிக் காம்பை வச்சுச் சுத்திச் சுத்திக் கொஞ்சங் கொஞ்சமா நெம்புங்க."

அவ்வாறே செய்தோம். மறு பாதி முழுதாக வந்துவிட்டது. ஆயினும் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிருந்தாவனம் சேர்ந்தபோது வாசல் திறந்து நெடுநேரம் ஆகியிருந்தது. அத்தையார் ஒன்றும் சொல்லவில்லை. நம் கையில் சுற்றியிருந்த கைக்குட்டையைப் பார்த்து, "கை எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விதான் நம்மைச் சுட்டது.

பெயர்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவர் நாம். ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்க்கிறோம். சொல்லைப் பெயர்க்கும்போது அது எதனோடு ஒட்டியிருக்கிறது என்று பாராமல் பிடுங்கினால் வாக்கியம் உடைந்துபோகும் என்பது இருபது ஆண்டுத் தொழிலில் நாம் கற்ற பாடம். மூடியைப் பெயர்க்கும்போது அந்தப் பாடம் நினைவுக்கு வரவில்லை. ஆகவே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை இராமகிருஷ்ணபுரத்து அரசாங்கக் குடியிருப்பில், இளவெயிலில், எஞ்சிய மூன்று மூடிகளில் ஒன்றைக் கழற்றி மடியில் வைத்து, அது எதனால் நிற்கிறது என்று பார்த்தோம்.

மூடியைத் திருப்பினால், அதன் விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் பிளாஸ்டிக் கொக்கிகள் நிற்பதைக் காணலாம். எண்ணிக்கை வண்டிக்கு வண்டி மாறும். இக்கொக்கிகளின் உட்பக்கமாக மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று வளையமாக ஓடுகிறது. அது சுருள்வில்லைப் போல் எப்போதும் வெளிநோக்கி விரிய முயல்வது. தன் விரிவால் கொக்கிகளை வெளிப்புறம் தள்ளிக்கொண்டே இருக்கும். இரும்புச் சக்கரத்தின் உள்விளிம்பில் ஒரு பள்ளம் உண்டு. கொக்கிகளின் முனைகள் அந்தப் பள்ளத்தில் போய் அமர்கின்றன. மூடியை நிறுத்துவது இவ்வளவே. திருகாணி இல்லை, பசை இல்லை. கம்பி வளையம் ஓரிடத்தில் மட்டும் வளைந்து ஒதுங்கியிருக்கும். அவ்விடம் காற்றடைக்கும் வால்வுக்கு உரியது.

இதை ஒருமுறை கண்ணால் கண்டுவிட்டால் மற்றவை தாமே விளங்கும். கொக்கி பள்ளத்திலிருந்து வெளிவர வேண்டுமானால், மூடி நேராக நம்மை நோக்கி வர வேண்டும். பக்கவாட்டில் திருப்பினால் பயனில்லை. கொக்கிக்கு அருகில் நெம்பினால் விசை கொக்கிக்குச் செல்லும். இரு கொக்கிகளுக்கு நடுவில் நெம்பினால் விசை மெல்லிய விளிம்பை வளைக்கும், வளைந்தது பிளக்கும். ஒரு கொக்கியை முழுதும் வெளியே இழுக்க முயன்றால், அண்டையில் உள்ளவை விடாமல் பிடித்திருப்பதால் நடுவில் முறியும். எல்லாக் கொக்கிகளையும் சிறிது சிறிதாகத் தளர்த்திக்கொண்டு வந்தால் எதுவும் முறியாது. சம்படத்து மூடியும் இதுவே. அத்தையாருக்கு மோட்டார் வண்டி ஓட்டத் தெரியாது என்பது ஒருபுறம் இருக்கட்டும்.

அன்று பகை செய்த மற்றொன்று குளிர். பிளாஸ்டிக் குளிரில் வளையும் தன்மையை இழந்து நொறுங்கும் தன்மையை அடைகிறது. பழைய மூடியாயின் ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டு முன்னமே வறண்டிருக்கும். சென்னையின் வெயிலில் பத்துமுறை கழற்றினும் தாங்கும் மூடி, தில்லியின் ஜனவரி விடியலில் முதன்முறையிலேயே போய்விடலாம். வீட்டில் செய்வதாயின் வெயில் ஏறியபின் செய்யுங்கள். அல்லது கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரை மூடியின் விளிம்பைச் சுற்றி ஊற்றுங்கள். வழியில் செய்ய நேர்ந்தால், பிளாஸ்கில் உள்ள வெந்நீரைச் சிறிது செலவிடலாம். அது தேநீருக்கு வைத்திருந்தது என்று வீட்டார் முணுமுணுத்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த இடத்தில் அம்பாசிடர் காரை நினையாமல் இருக்க முடியவில்லை. 2014ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றது. அதற்குமுன் பல்லாண்டுகள் அரசாங்க அலுவலக வாசல்களில் வெள்ளை வெள்ளையாக அணிவகுத்து நின்ற வண்டி. அதன் சக்கர நடுவில் பளபளக்கும் உலோகக் கிண்ணம் ஒன்றுதான் இருக்கும். தட்டைக் கம்பியால் ஒரு நெம்பு நெம்பினால் 'டங்' என்று கழன்று தரையில் உருளும். நசுங்கினால் ஓட்டுநர் அதைக் கவிழ்த்து உள்ளிருந்து தட்டி நிமிர்த்திவிடுவார். உலோகம் நசுங்கும், பிளாஸ்டிக் உடையும். பழைய ஓட்டுநர்களிடம் கற்ற முரட்டுக் கைப்பழக்கம் இன்றைய மூடிக்கு ஒவ்வாமல் போவது இதனால்தான்.

இனி முறையைச் சொல்வோம். முதலில் மூடியை உற்றுப் பாருங்கள். எல்லா மூடிகளும் கொக்கியால் நிற்பவை அல்ல. சில வண்டிகளில் சக்கர நட்டுகளே மூடியின் துளைகளின் வழியாக வந்து அதையும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருக்கும். அவ்வகையை நெம்பவே கூடாது. நட்டைக் கழற்றினால் மூடி தானே வரும். எளிய அடையாளம் இது: உண்மையான இரும்பு நட்டின் தலை வெளியே தெரிந்தால் நெம்புவதற்குமுன் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். ஆயினும் நட்டைப் போலவே பிளாஸ்டிக்கில் வார்த்த போலி நட்டுகளும் உண்டு. விரலால் தட்டினால் ஓசை காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து, நைலான் கட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மூடி திருட்டுப் போகாதிருக்கவும் குண்டுகுழிகளில் தெறித்து விழாதிருக்கவும் பலர் மூடியைச் சக்கரத்தின் துளையோடு சேர்த்துக் கட்டிவிடுகின்றனர். கறுப்புக் கட்டு கறுப்பு இரும்பின்மேல் இருட்டில் தெரியாது. நெம்பி நெம்பி ஓய்ந்தபின் கட்டைக் கண்டுபிடித்தவர்களை நாம் அறிவோம். வெட்டுக் குறடு ஒன்றை வண்டிக் கருவிகளோடு வைத்திருப்பது நலம்.

விளிம்பில் படிந்த சேற்றைச் சோப்பு நீரால் கழுவிவிடுங்கள். மும்பை, கொச்சி போன்ற மழை மிகுந்த ஊர்களில் கம்பி வளையம் துருப்பிடித்துச் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்வதுண்டு. துருவை இளக்கும் எண்ணெயை விளிம்பைச் சுற்றிச் சிறிது விட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். அந்த எண்ணெய் பிரேக்கின்மேல் படலாகாது. ஆகவே பீச்சியடிக்காமல் துணியில் நனைத்துத் தடவுவதே சிறப்பு. மலைச்சாலையில் இறங்கி வந்தவுடன் தொடாதீர்கள். பிரேக்கின் சூட்டில் சக்கரமும் கொதிக்கும்.

கருவி எது? சில வண்டிகளில் மூடியைக் கழற்றுவதற்கென்றே வளைந்த கம்பிக் கொக்கி ஒன்றைத் தந்திருப்பர். ஸ்டெப்னி வைத்த பள்ளத்தில் தேடிப் பாருங்கள். இல்லாவிடில் சக்கர ஸ்பானரின் தட்டை முனையோ, அகன்ற திருப்புளியோ போதும். முனைக்குத் துணி சுற்றுவது இன்றியமையாதது. உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் நெம்புபட்டை இன்னும் மேல். அது மூடியையும் கீறாது, சக்கரத்தின் வண்ணத்தையும் கீறாது. கையுறை அணிந்துகொள்ளுங்கள். நம் உள்ளங்கைத் தழும்பு இன்னும் மறையவில்லை.

ஸ்டெப்னி என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழிலும் இந்தியிலும் மாற்றுச் சக்கரத்துக்கு ஒரே பெயராக வழங்கும் இச்சொல், வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரத்துத் தெருவொன்றின் பெயர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே செய்து விற்ற மாற்றுச் சக்கரத்துக்கு அந்தத் தெருவின் பெயரையே இட்டனர். இங்கிலாந்தில் இன்று பெரும்பாலோர் மறந்துவிட்ட சொல்லை நம் நாட்டுப் பஞ்சர் கடைகள் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

மூடியின் இடுக்குகளின் வழியே பார்த்துக் கொக்கி எங்குள்ளது என்று கண்டுகொள்ளுங்கள். வால்விலிருந்து ஒரு சாண் தள்ளித் தொடங்குங்கள். வால்வின் அடி ரப்பரால் ஆனது, கருவி பட்டுச் சிதைந்தால் புதிய தொல்லை. சக்கர விளிம்பில் சமநிலைக்காக மாட்டிய சிறு உலோக எடைத்துண்டுகள் இருக்கலாம். அவற்றின்மேலும் கருவியை ஊன்றாதீர்கள். கொக்கிக்கு நேரே முனையைச் செருகி, இழுக்காமல், சாவியைத் திருப்புவது போல் சிறிது திருப்புங்கள். விரல் நுழையும் அளவு வேண்டாம். நெல்மணி அளவு இடைவெளி போதும். அடுத்த கொக்கிக்குச் செல்லுங்கள். அங்கும் அவ்வளவே. ஒரு சுற்று முடிந்ததும் இரண்டாம் சுற்று. பெரும்பாலும் இரண்டாம் சுற்றின் நடுவிலேயே மூடி மெல்லத் தளர்ந்து கைக்கு வந்துவிடும். அப்போது இரு கைகளாலும் எதிரெதிர் ஓரங்களைப் பிடித்து நேராக இழுத்துவிடலாம். நடுவில் உள்ள ஆரங்களில் ஒன்றைப் பிடித்து இழுப்பதை மட்டும் செய்யாதீர்கள். மூடியில் வலுக்குறைந்த இடம் அதுவே.

வழியில் சக்கரம் மாற்றும்போது, கழற்றிய மூடியைத் திரும்ப மாட்ட முயல வேண்டாம். பின்பெட்டியில் வைத்துவிட்டு ஊர் வந்து சேருங்கள். நட்டுகளை மட்டும், ஜாக்கியால் வண்டியைத் தூக்குவதற்கு முன்பே அரைச்சுற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் நாமே செய்தால். பெரும்பாலும் நாம் செய்வதில்லை. பஞ்சர் கடைக்காரர் செய்கிறார். அவருக்கு நாளில் நாற்பது சக்கரம். நம் மூடி நாற்பதில் ஒன்று. டயர் கம்பியால் ஒரே நெம்பில் எடுத்துவிடுவார். உடையாவிட்டாலும் இரண்டு கொக்கிகள் போயிருக்கும்; அது அடுத்த மாதம் மூடி எங்கோ தெறித்து விழுந்தபின்தான் நமக்குத் தெரியவரும். கோபித்துக்கொள்வதைவிட முன்கூட்டியே ஒரு சொல் சொல்வது மேல். தில்லியில் 'தீரே சே, பாயி சாஹப்' என்றால் போதும். மும்பையில் 'ஹளூ', கொல்கத்தாவில் 'ஆஸ்தே'. பெங்களூரில் 'மெல்லகே', ஐதராபாதில் தெலுங்கில் 'மெல்லகா'. இவ்விரண்டும் நம் 'மெல்ல' என்பதன் உடன்பிறப்புகள், நாவுக்குச் சிரமமில்லை. அதைவிட நல்லது, அவர் சக்கரத்தின் பக்கம் வருவதற்குள் நாமே குந்தி உட்கார்ந்து மூடியைக் கழற்றிவிடுவது. நாம் இப்போது அப்படித்தான் செய்கிறோம். கடைக்காரர் முதன்முறை வியந்தார். இப்போது தாமாகவே ஒதுங்கி நிற்கிறார்.

கழற்றப் பழகியதில் எதிர்பாராத ஒரு பயனும் கிட்டிற்று. சென்ற கோடையில் வழியோரக் கடையொன்றில் முன்சக்கரத்துக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டு வீடு வந்தோம். மறுநாள் சக்கரத்திலிருந்து 'கிர்ர்' என்று சிறு ஓசை. முன்பாயின் கவனித்திருக்க மாட்டோம். கவனித்தாலும் பட்டறைக்குப் போகும் நாள் வரட்டும் என்று விட்டிருப்போம். அன்று ஐந்து நிமிடத்தில் மூடியைக் கழற்றினோம். நான்கு நட்டுகளில் ஒன்று கையாலேயே சுழன்றது. மற்றொன்றும் இறுக்கம் குறைந்திருந்தது. மறுநாள் பிள்ளைகளோடு ஜெய்ப்பூர் செல்வதாக இருந்தோம். மூடி அழகுக்காகவே வைத்தது என்பர். அழகான அந்த மூடிக்கு அடியில்தான் சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் நட்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கின்றன. அவற்றைக் காண வேண்டுமென்று தோன்றும்போதெல்லாம் அஞ்சாமல் கழற்றத் தெரிந்திருக்க வேண்டும்.

திரும்ப மாட்டும் முறை சுருக்கமானது. மூடியின் பின்புறத்தையும் சக்கரத்துப் பள்ளத்தையும் துடைத்துவிடுங்கள். கம்பி வளையம் எல்லாக் கொக்கிகளுக்குள்ளும் அமர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அண்டையண்டையாக இரு கொக்கிகள் முறிந்திருந்தால் அந்த மூடியை நம்ப வேண்டாம். நெடுஞ்சாலையில் தெறிக்கும் மூடி பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரர்மேல் பாயக்கூடும். பிறகு, கம்பி வளைந்து ஒதுங்கிய இடத்தை வால்வுக்கு நேரே வையுங்கள். இங்குதான் பலர் தவறுவது. வால்வு ஒருபுறமும் அதற்குரிய இடம் மறுபுறமுமாக வைத்து அடித்தால் வால்வு வளையும், மூடியும் உட்காராது. வால்வுப் பக்கத்தை முதலில் உள்ளங்கையால் அழுத்தி, பின் இருபுறமும் மாறிமாறி அழுத்திக்கொண்டே எதிர்ப்பக்கம் வரை செல்லுங்கள். ஒவ்வொரு கொக்கியும் 'டப்' என்று அமரும். நடுவில் முட்டியால் குத்துவதும் காலால் உதைப்பதும் வேண்டா.

நம் காரில் இன்று மூன்று மூடிகள் ஒருவிதம், நான்காவது வேறுவிதம். இவற்றைப் பெரும்பாலும் நான்காகவே விற்கின்றனர். கடைத்தெருவில் பழைய பொருள் விற்பவரிடம் கிடைத்த ஒற்றை மூடி அது. அளவு மட்டும் பொருந்திற்று. அளவு மூடியின் பின்புறத்தில் 13, 14 என்று அங்குலக் கணக்கில் பொறித்திருக்கும். டயரின் பக்கத்தில் R என்ற எழுத்தை அடுத்துள்ள எண்ணோடு ஒத்துப் பார்த்து வாங்க வேண்டும்.

மாட்டியபின் பத்துக் கிலோமீட்டர் ஓடியதும் இறங்கி, விளிம்பைச் சுற்றி விரல் முட்டியால் தட்டிக்கொண்டு வாருங்கள். எங்கும் ஒரே ஓசையாயின் எல்லாம் அமர்ந்திருக்கின்றன. ஓரிடத்தில் மட்டும் கடகடவென்று ஒலித்தால் அங்கே ஒரு கொக்கி வெளியே நிற்கிறது; உள்ளங்கையை வைத்து இன்னொருமுறை அழுத்திவிடுங்கள்.